காப்பிக்கடை நோட்டீஸ்

நாவல் எழுதுகிறவர்களைப் பற்றி வாசக நேயர்களிடையே ஓர் அபிப்பிராயம் உண்டு. இவர்களுக்கு வார்த்தைப் பஞ்சமே கிடையாது. ராத்திரி கதாநாயகியை மாமியார் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுப் படுத்தால், பொழுது விடிவதற்குள் அவளே உள்ளே போய்ப் பாதி அத்தியாயத்தை நடத்தி முடித்திருப்பாள் என்பது அந்த அபிப்பிராயம். அதை மறுத்து என் தொழிலை நானே கெடுத்துக்கொள்வானேன்? அறுநூறு பக்கம் எழுதுவது அப்படி ஒன்றும் மலையைப் புரட்டுகிற காரியம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் ஒரு காப்பித்தூள் கடைக்கு, நாற்பது வார்த்தைக்குள், ஜனங்கள் படித்துவிட்டுக் கடைக்கு வரும்படியாக ஒரு நோட்டீஸ் எழுதிப் பாருங்கள். அப்போது தெரியும், பேனா எத்தனை கனம் என்று.

விளம்பரம் எழுதுவது இலக்கியகர்த்தாக்களுக்குக் கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்த எண்ணம் கிடையாது. தமிழில் நான் அறிந்த மட்டில் மிகத் துணிச்சலான விளம்பரம் ஒன்றை எழுதியவர் சுப்பிரமணிய பாரதியார்தான். 1920-ல் கடையத்தில் இருந்தபோது, தம் நூல்களை நாற்பது புத்தகங்களாக, புத்தகத்துக்குப் பத்தாயிரம் பிரதி வீதம் அச்சிடப் போவதாகவும், அதற்குப் பணம் வேண்டுமென்றும் அறிக்கை விட்டார். மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும் விடச் சகஜமாகத் தம் புத்தகங்கள் ஜனங்களிடையே விலைபோகும் என்று அதில் சொல்லியிருந்தார். பணம் வரவில்லை. அடுத்த வருஷம் செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் அவர் காலமாகிவிட்டார். ஆனால் அந்த உவமையைப் பாருங்கள். கலைமகளையோ காமதேனுவையோ அவர் கூப்பிடவில்லை. எந்தக் குடிசையிலும் கட்டாயம் இருக்கக்கூடிய இரண்டு சாமான்களைச் சொன்னார். கடன் கேட்கும்போது கூட அவருக்கு வார்த்தை சரியான இடத்தில் போய் உட்கார்ந்தது.

எஸ். எஸ். வாசன் விளம்பரம் சேகரிக்கிற ஏஜெண்டாக இருந்தவர். அவர்தான் 1928-ல் தத்தளித்துக்கொண்டிருந்த 'ஆனந்த விகட'னை வாங்கினார். இருபது வருஷம் கழித்து, 1948-ல், 'சந்திரலேகா'வின் முரசு நடனத்தை இந்தியா முழுவதும் பேச வைத்தார். ஜெமினி ஸ்டூடியோ போய்விட்டது; 1973-ல் கட்டிய மேம்பாலத்துக்கு அண்ணா பெயரை வைத்த பிறகும் ஜனங்கள் அதை ஜெமினி மேம்பாலம் என்றுதான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பெயரை ஜனங்கள் வாயில் ஒட்ட வைப்பது என்றால் அதுதான். கல்கி அவர்களையே எடுத்துக்கொள்ளுங்களேன். 1929-ல் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து ராஜாஜி நடத்திய 'விமோசன'த்தில் அவர் எழுதியதெல்லாம் எதற்காக? ஜனங்கள் கள்ளுக்கடைக்குப் போகாமல் இருப்பதற்காக. சரக்கை வாங்காதே என்று சொல்வதும் ஒரு விளம்பரம்தானே! சொல்லப் போனால் அதுதான் கஷ்டமான விளம்பரம்.

சீமையிலும் இப்படித்தான். துப்பறியும் நாவல்களுக்குப் பெயர் போன டாரதி சேயர்ஸ் அம்மாள் 1922-லிருந்து பல வருஷம் லண்டனில் ஒரு விளம்பரக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்தவர். கடுகுத்தூள் விற்பதற்காக இல்லாத ஒரு 'கடுகுச் சங்க'த்தைக் கிளப்பிவிட்டதில் அவருக்குப் பங்கு உண்டு. பிறகு அந்த ஆபீஸையே வைத்து, 1933-ல், ஒரு கொலை நாவலும் எழுதிவிட்டார். விளம்பரம் எழுதுகிற ஆபீஸில் ஒருவருக்குக் கொலை பண்ணத் தோன்றுவது எப்படி என்பது இந்தப் பதினொரு நாளில் எனக்கும் விளங்கிற்று.

பதினொரு நாள் என்றேன் அல்லவா? அந்தச் சங்கதிக்கு வருகிறேன்.

மந்தைவெளியிலிருந்து மயிலாப்பூர்க் குளத்துக்குப் போகும் வழியில், ஒரு சந்தின் முனையில், என் சிநேகிதர் ஒருவர் காப்பிக்கொட்டை வறுத்து அரைக்கும் கடை வைத்திருந்தார். பத்தடிக்குப் பன்னிரண்டடி. உள்ளே ஒரு வறுக்கும் உருளை, ஓர் அரைக்கும் மெஷின், ஒரு தராசு, சுவரில் சாமி படங்கள். சந்து திரும்புவதற்கு முன்பே வாசனை நம்மை எதிர்கொண்டு அழைத்துக்கொண்டு போகும். சிநேகிதர் மூன்று வருஷத்துக்கு முன்னால் தவறிப் போனார். அவர் பெண் தரமணியில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தவள். கடையை விற்றுவிடுவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். அவளோ வேலையை விட்டுவிட்டுக் கடையில் வந்து உட்கார்ந்தாள். புதிதாக ஒரு மெஷின் வாங்குவதற்குப் பாங்கியில் கடனும் வாங்கினாள்.

அவளுடைய போதாத காலமோ என்னவோ, பிரேஸிலிலும் வியட்நாமிலும் மழை பொய்த்தது. எங்கேயோ தென் அமெரிக்காவில் மேகம் திரளாவிட்டால் மயிலாப்பூரில் காப்பி விலை ஏறுகிறது. உலகம் இப்படி ஆகிவிட்டது. 2024-ஆம் வருஷத்தில் ஏறிக்கொண்டிருந்த கொட்டை விலை, 2025 பிப்ரவரியில் நியூயார்க் மார்க்கெட்டில் அதற்கு முன் காணாத உச்சத்தைத் தொட்டது. பெரிய கடைக்காரர்கள் தாக்குப் பிடிப்பார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் கடை எப்படிப் பிடிக்கும்?

அவளுக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, தூள் விலையை ஏற்றுவது. இன்னொன்று, விலையை அப்படியே வைத்துக்கொண்டு சிக்கரியை ஏற்றுவது. சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். அதை வறுத்துப் பொடி பண்ணினால் கறுப்பாக, கசப்பாக, கெட்டியாக டிகாக்ஷன் இறங்கும். நெப்போலியன் காலத்தில் கப்பல் போக்குவரத்துத் தடைப்பட்டபோது பிரெஞ்சுக்காரர்கள் காப்பிக்குப் பதிலாக அதைக் குடித்துப் பழகினார்கள். நம் ஊரிலும் அது கொஞ்சம் இல்லாவிட்டால் டபராவில் ஆற்றும்போது நிறமே வரவில்லை என்று குறைப்படுகிறவர்கள் அநேகம். ஆகவே சிக்கரி பாவம் ஒன்றுமில்லை. எத்தனை என்பதுதான் கேள்வி. சட்டப்படி காப்பி 51 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது. எத்தனைக்கு எத்தனை என்பதைப் பாக்கெட்டின் மேல் அச்சிட வேண்டும்.

கொட்டை வியாபாரி ஒருவர் அவளுக்கு யோசனை சொன்னாராம்: "இருபதை முப்பத்தஞ்சு ஆக்கிடும்மா. சட்டம் இடம் குடுக்குது. பாக்கெட்ல நம்பரை மாத்தி அடிச்சிட்டாப் போச்சு. அந்தப் பொடி எழுத்தை யார் படிக்கிறாங்க?"

அவள் கேட்கவில்லை. அப்பா கடைப் பலகையில் '80-க்கு 20' என்று பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறார்; பாக்கெட்டை மாற்றலாம், பலகையை எப்படி மாற்றுவது என்றாள். விலையை ஏற்றினாள். நாளைக்கு நாற்பது கிலோ அரைத்த இடத்தில் இருபத்தைந்து கிலோ அரைக்கலாயிற்று. பாங்கித் தவணையோ நின்றுகொண்டு வேடிக்கை பார்க்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் அவள் என் வீட்டுக்கு வந்தாள். "மாமா, பங்குனி உற்சவத்துக்கு நாலு மாட வீதியிலும் கூட்டம் வரும். ஒரு பிட் நோட்டீஸ் அடிச்சுக் குடுக்கலாம்னு இருக்கேன். பேப்பர்காரரும் பேப்பருக்குள்ள வெச்சுத் தரேன்னிருக்காரு. நாற்பது வார்த்தைக்கு மேல போனா யாரும் படிக்க மாட்டாங்க. நீங்க எழுதித் தரணும்" என்றாள்.

"இவ்வளவுதானே? சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்" என்றேன்.

சாயங்காலம் வந்தாள். நாளைக்கு என்றேன். நாளைக்கும் வந்தாள்.

நேயர்களில் எழுதுகிற பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த வியாதி தெரிந்திருக்கும். ஒன்றும் தோன்றாமல் இருப்பது என்று இதைச் சொல்கிறார்கள். வறண்ட கிணறு என்று உவமை சொல்கிறார்கள். எனக்கு ஏற்பட்டது அப்படி அல்ல. ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முதல் ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறீர்களா? ஆள் இல்லாததாலா அங்கே ஒருவராலும் நகர முடிவதில்லை? அப்படித்தான் என் தலைக்குள்ளும். 'மணம் கமழும்' வந்தது. 'பாரம்பரியம் மிக்க' வந்தது. 'தரம்', 'தூய்மை', 'கைப்பக்குவம்' எல்லாம் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வந்தன. ஒன்றுக்காவது முகம் இல்லை. ஊரில் உள்ள அத்தனை காப்பிக்கும், நெய்க்கும், ஊதுவத்திக்கும், அடுக்குமாடி வீட்டுக்குங்கூட இந்த வார்த்தைகளைத்தான் போடுகிறார்கள். எத்தனையோ கை மாறி எழுத்தெல்லாம் தேய்ந்துபோன காசு மாதிரி ஆகிவிட்டன. அதைக் கொடுத்தால் கடைக்காரனே திருப்பிப் பார்க்காமல் வாங்கிக் கல்லாவில் போட்டுவிடுவான். படிக்கிறவர்களும் அப்படித்தான், படிக்காமலே படித்துவிடுவார்கள்.

என் மருமான் பிள்ளை, கல்லூரியில் படிக்கிறவன், என் அவஸ்தையைப் பார்த்து மனம் இரங்கினான். "தாத்தா, நான் கம்ப்யூட்டர்கிட்ட கேட்டுத் தரேன்" என்று கைப்போனில் என்னவோ தட்டினான். நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் அந்தச் செயற்கை நுண்ணறிவு பத்து நோட்டீஸ் எழுதிவிட்டது. பத்திலும் மணம் கமழ்ந்தது. பத்திலும் பாரம்பரியம் இருந்தது. ஒன்றில் மட்டும் 'உங்கள் காலைப் பொழுதின் கவிதை' என்று போட்டிருந்தது. பிழை என்று ஒன்றையும் சொல்ல முடியாது. எனக்கு ஒரு விதத்தில் ஆறுதலாகவே இருந்தது. நான் ஐந்து நாளாக எழுதி எழுதிக் கிழித்ததைத்தான் அது ஐந்து வினாடியில் எழுதியிருந்தது.

சிநேகிதர்கள் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். காலையில் நடந்தால் யோசனை ஓடும் என்றார் ஒருவர். லஸ் பக்கம் நாகேஸ்வர ராவ் பூங்காவில் இரண்டு நாள் நடந்தேன். யோசனை ஓடவில்லை, ஆனால் அந்தப் பூங்காவுக்குப் பெயர் கொடுத்தவரைப் பற்றிய ஞாபகம் வந்தது. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-ல் பம்பாயில் அம்ருதாஞ்சனத்தை ஆரம்பித்தார். 1914-ல் அது சென்னைக்கு வந்தது. பிற்பாடு மயிலாப்பூருக்கே சொந்தமாகிவிட்டது. ஆரம்பத்தில் அவர் அதை எப்படிப் பரப்பினார் தெரியுமா? சங்கீதக் கச்சேரிகளில் ஜனங்களுக்கு இலவசமாகக் கொடுத்தார். மணிக்கணக்கில் தலையாட்டிவிட்டு எழுந்திருக்கிறவனுக்குத் தலைவலித் தைலத்தின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டுமா என்ன? வர்ணனை ஒன்றும் இல்லை. வலி இருக்கிற இடத்தில் மருந்தைக் கொண்டுபோய் நிறுத்தியதுதான். இது எனக்கு உபயோகமான விஷயம் என்று தோன்றிற்று. ஆனால் எப்படி உபயோகம் என்பது உடனே பிடிபடவில்லை.

விளம்பரத் தொழிலில் இருக்கிற ஒரு நண்பர், டேவிட் ஒகில்வி என்கிற பெரிய ஆசாமியின் முறையைச் சொன்னார். அவர் 1955-ல் ஒரு கடிதத்தில் தாம் எழுதும் விதத்தை விஸ்தாரமாகச் சொல்லியிருக்கிறாராம். ஆபீஸில் எழுதவே மாட்டாராம், வீட்டில்தான். முதலில் பழைய விளம்பரங்களையும் சரக்கைப் பற்றிய தகவல்களையும் படித்துத் தீர்ப்பாராம். எழுத வராது, வேலையைத் தள்ளிப் போடுவாராம். கடைசியில் ஒன்றுமே நடக்காவிட்டால் அரை பாட்டில் ரம் குடித்துவிட்டு ஹாண்டலின் சங்கீதத் தட்டை வைத்துக் கேட்பாராம். அப்புறம் கொட்டோ கொட்டென்று கொட்டுமாம். மறுநாள் காலையில் எழுந்து அதைத் திருத்துவாராம்.

ரம் நம் வீட்டில் நடக்கிற காரியம் இல்லை. காப்பியைக் குடித்துவிட்டு, ஹாண்டலுக்குப் பதில் ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை வைத்தேன். அந்த நாகஸ்வரத்தைக் கேட்ட பிறகு காப்பித்தூளைப் பற்றி எவனாவது எழுதுவானா? பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டேன். எட்டாவது நாளும் போயிற்று.

ஆனால் அந்தக் கடிதத்தில் ரம்மும் ஹாண்டலும்தான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறதே தவிர, அதற்கு முன்னால் அவர் சொன்னதை யாரும் லட்சியம் செய்வதில்லை. ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு 1958-ல் அவர் எழுதிய விளம்பரம் உலகப் பிரசித்தம். அறுபது மைல் வேகத்தில் போகும்போது அந்தக் காருக்குள் கேட்கிற பெரிய சத்தம் கடிகாரத்தின் சத்தம்தான் என்பது அதன் சாரம். அதை எழுதுவதற்கு முன்னால் அவர் மூன்று வாரம் காரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார். அந்த வாக்கியம் அவர் மூளையில் பிறந்ததும் அல்ல. ஒரு மோட்டார் பத்திரிகையில் அந்தக் காரை ஓட்டிப் பார்த்தவர் சொன்னது. இவர் அதைப் பொறுக்கி எடுத்து உச்சியில் வைத்தார். அவ்வளவுதான்.

இன்னொருவர், இவருக்கும் முந்தியவர், கிளாட் ஹாப்கின்ஸ் என்ற அமெரிக்கர். ஷ்லிட்ஸ் என்ற பீர் கம்பெனிக்கு எழுத வேண்டியிருந்தது. 'சுத்தமானது, சுத்தமானது' என்று எல்லாக் கம்பெனியும் கூவிக்கொண்டிருந்த காலம். இவர் தொழிற்சாலைக்குள் போய்ச் சுற்றிப் பார்த்தார். புட்டிகளை நீராவியில் கழுவுவதைக் கண்டார். இதை ஏன் ஜனங்களுக்குச் சொல்லவில்லை என்று கேட்டார். எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள், இதில் சொல்ல என்ன இருக்கிறது என்றார்கள். எல்லாரும் செய்வதை இவர் மட்டும் எழுதினார். சரக்கு விற்றது.

ஆக, என் வியாதியின் மூலம் எனக்கு ஒருவாறு புரிந்தது. எனக்கு வார்த்தை வராததற்குக் காரணம் வார்த்தை அல்ல. முப்பது வருஷமாக அந்தக் கடைக் காப்பியைக் குடித்துக்கொண்டிருக்கிறேனே ஒழிய, காலை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை அந்தக் கடையில் உட்கார்ந்தது கிடையாது. நாவலில் எனக்குத் தெரியாததை நானே உண்டாக்கிக்கொள்ளலாம், கேட்பார் இல்லை. கதாநாயகி எந்தத் தெருவில் குடியிருக்கிறாள் என்று எந்த அதிகாரியும் வந்து சோதனை போட மாட்டான். நோட்டீஸில் அந்தச் சலுகை கிடையாது. பேனா அதைத் தெரிந்துகொண்டு நின்றுவிட்டது. அது நின்றது நல்லதற்கே என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஒன்பதாவது நாள் விடியற்காலையில் கடைக்குப் போய் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எழுதுவதற்கு ஒன்றும் எடுத்துப் போகவில்லை.

பச்சைக் கொட்டைக்கு வாசனையே இல்லை என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? காய்ந்த புல் மாதிரி ஒரு வாடை, அவ்வளவுதான். உருளைக்குள் போய்ச் சூடேறி, பச்சை மஞ்சளாகி, மஞ்சள் தவிட்டு நிறமாகும்போது திடீரென்று சோளம் பொரிகிற மாதிரி வெடிக்க ஆரம்பிக்கிறது. அந்த வெடிச் சத்தத்தைத்தான் அவள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. உரிய நேரத்தில் கதவைத் திறந்து கொட்டினாள். ஒரு கிலோ பச்சைக் கொட்டை வறுத்தெடுத்தால் ஏறத்தாழ 150 கிராமிலிருந்து 200 கிராம் வரையில் காற்றோடு போய்விடுகிறது. "வாசனை வரணும்னா எடை போகணும் மாமா. அதைத்தான் ஜனங்ககிட்டச் சொல்ல முடியலை" என்றாள். உருண்டையாக ஒற்றை விதையாக இருப்பது பீபெரி. இரண்டாகப் பிளந்து தட்டையாக இருப்பது பிளாண்டேஷன். இரண்டையும் அப்பா கலந்த விகிதத்திலேயே கலந்தாள். அரைத்து வைத்த தூள் என்று கடையில் ஒரு பொட்டலம்கூடக் கிடையாது. ஆள் வந்து நின்று இத்தனை கிராம் என்று சொன்ன பிறகுதான் மெஷினைப் போடுவாள். அரைத்த நிமிஷத்திலிருந்தே மணம் ஓட ஆரம்பித்துவிடும் என்பது கணக்கு. இதெல்லாம் அவளுக்குச் சர்வ சாதாரணம். ஹாப்கின்ஸிடம் பீர்க்காரர்கள் சொன்ன மாதிரி, இதில் சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

எட்டு மணி சுமாருக்கு வடக்கு மாட வீதியிலிருந்து ஒரு வயதான அம்மாள் வந்தார். கையில் பித்தளைச் சம்புடம். எப்போதும் அரைக் கிலோ வாங்குகிறவர் போலிருக்கிறது.

"கால் கிலோ போடு. என்னடீம்மா, நீயும் ஏத்திட்டயே? அந்தப் பெரிய கடையிலே பழைய விலைக்கே குடுக்கறானாமே?"

அவள் தராசை விட்டுக் கண்ணை எடுக்காமலே, "விலைதான் மாமி ஏறிச்சு, சிக்கரி ஏறலை" என்றாள்.

அம்மாள் ஒரு விநாடி நின்றார். பிறகு, "அதானே பார்த்தேன். அங்கே வாங்கின எதிராத்துக்காரி, டிகாக்ஷன் தாரா இறங்கறது, வாசனையே இல்லேங்கறா" என்றார். சம்புடத்தை நீட்டி, "அரைக் கிலோவாவே போடு" என்றார்.

நான் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டேன். ஒன்பது நாளாக நான் தேடிக்கொண்டிருந்த வாக்கியத்தை ஒரு பெண், தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டே, ஒன்றும் நடக்காதது போலச் சொல்லி முடித்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். ஊர் ஜனங்களுக்கு என்று எழுதவில்லை. பித்தளைச் சம்புடத்தோடு நின்ற அந்த அம்மாளுக்கு எழுதினேன். அவர் என்ன கேட்டாரோ அதற்கு மட்டும் பதில். கால் மணி நேரத்தில் முடிந்தது. இதுதான்:

"காப்பிக்கொட்டை விலை ஏறிவிட்டது. ஆகையால் எங்கள் தூளின் விலையும் ஏறிவிட்டது. சிக்கரி ஏறவில்லை. முன்பு போலவே நூற்றுக்கு இருபதுதான். அதுவும் வேண்டாம் என்றால் சொல்லுங்கள், இல்லாமல் அரைத்துத் தருகிறோம். நீங்கள் வந்து நின்ற பிறகுதான் அரைப்போம். ஐந்து நிமிஷம் ஆகும். உட்கார நாற்காலி இருக்கிறது. நூறு கிராமும் தருவோம்."

எண்ணிப் பார்த்தேன். 35 வார்த்தை. மீதி ஐந்தைக் கடை விலாசத்துக்கு விட்டேன்.

அந்த நாற்காலி விஷயம் மட்டும் கொஞ்சம் கற்பனை. கடையில் இருந்தது ஸ்டூல்தான். நோட்டீஸ் வெளிவருவதற்குள் ஒரு நாற்காலி வாங்கிப் போட வேண்டும் என்று நிபந்தனை விதித்தேன். அவள் அன்றைக்கே இரண்டு வாங்கிப் போட்டாள்.

ஆனால் காரியம் இதோடு முடிந்துவிடவில்லை. அவள் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "மாமா, முதல் வரியிலேயே விலை ஏறிச்சுன்னு போடறதா?" என்றாள். வாஸ்தவமான கேள்வி. என் விளம்பர நண்பரிடம் போனில் படித்துக் காட்டினேன். அவர் கிட்டத்தட்ட நாற்காலியிலிருந்து விழுந்தார். விலை ஏற்றத்தை விளம்பரம் பண்ணுகிறவன் உலகத்தில் உண்டா, அதைச் சின்ன எழுத்தில் அடியில் தள்ளு, மேலே ஒரு பெண் டம்ளரோடு சிரிக்கிற மாதிரி படம் போடு என்றார். அவர் சொன்னதில் அனுபவம் இருக்கிறது. இதில் தவறிப்போனால் எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. தவணை கட்ட வேண்டியவள் அவள். ஆகவே, "இது என் கதை அல்ல, உன் கடை. நண்பர் சொன்ன மாதிரியும் ஒன்று எழுதித் தருகிறேன். இரண்டில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்" என்றேன்.

அவள் பத்தாவது நாள் முழுக்க யோசித்தாள். பதினோராவது நாள் காலையில் வந்து, "விலை ஏறினது அவங்களுக்கு ஏற்கனவே தெரியும் மாமா. சிக்கரி ஏறாததுதான் தெரியாது. நீங்க எழுதினதையே போட்டுடறேன்" என்றாள். கணக்குப் படித்தவர்கள் சில சமயம் எழுத்தாளர்களை விடத் தெளிவாகப் பேசிவிடுகிறார்கள்.

அச்சாபீஸ்காரர் தம் பங்குக்கு, ஒவ்வொரு வரியின் முடிவிலும் மூன்று ஆச்சரியக்குறி போட்டு, சுற்றிலும் பூ பார்டர் கட்டி, தலையில் 'மணம் கமழும்' என்று சேர்த்து வைத்திருந்தார். "சும்மா மொட்டையா இருந்தது ஸார், அதான்" என்றார். அந்தப் பதினெட்டு ஆச்சரியக்குறிகளையும் ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்வதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பூ பார்டரை மட்டும் விட்டுக்கொடுத்தேன். அவருக்கும் ஒரு திருப்தி வேண்டாமா?

இரண்டாயிரம் பிரதி. உற்சவத்தில், அறுபத்துமூவர் அன்றைக்கு, மோர்ப்பந்தல் ஓரமாக நின்று கடைப் பையன் கொடுத்தான். பாதி அன்று சாயங்காலமே மாட வீதியில் மிதிபட்டுக் கிடந்ததை நானே பார்த்தேன். சுண்டல் மடித்த காகிதங்களோடு அவையும் கிடந்தன. மீதியைப் பேப்பருக்குள் வைத்தார்கள். கூட்டம் வந்து கடை வாசலில் வரிசை நின்றது என்று எழுத எனக்கும் ஆசைதான். நாவலாக இருந்தால் நிற்க வைத்திருப்பேன். நடந்தது என்னவென்றால், விட்டுப் போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். அடையாற்றிலிருந்து ஒருவர் போன் செய்து, நூறு கிராம் தருவீர்கள் என்பது நிஜந்தானா, தனியாக இருக்கிறேன், கால் கிலோ வாங்கினால் வாசனை போய்விடுகிறது என்று கேட்டாராம். சிக்கரி இல்லாமல் அரைக்கச் சொல்லி நாலைந்து பேர் கேட்டார்கள். அதில் இருவர் அடுத்த வாரமே, நிறம் வரவில்லை, பழையபடியே போடுங்கள் என்றுவிட்டார்கள். கிலோக் கணக்கு இருபத்தைந்திலிருந்து முப்பத்திரண்டுக்கு வந்தது. நாற்பதை எட்டவில்லை. ஆனால் தவணை தவறவில்லை.

அந்த வருஷம் நடுவில் உலக மார்க்கெட்டில் கொட்டை விலை கொஞ்சம் இறங்கிற்று. ஒரு நாள் அவள் கால் கிலோப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தாள். மறுபடியும் ஒரு நோட்டீஸா என்று எனக்கு உள்ளூர நடுக்கம். ஆனால் அவளே எழுதிக் கொண்டு வந்திருந்தாள். கணக்கு நோட்டில் கிழித்த தாளில் மூன்று வரி: "கொட்டை விலை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. நாங்களும் கிலோவுக்கு இருபது ரூபாய் இறங்கிவிட்டோம். இந்த விலை குறைப்பு எத்தனை நாள் என்று எங்களுக்கே தெரியாது."

"சரியா இருக்கா மாமா?" என்றாள்.

இரண்டு தரம் படித்துப் பார்த்தேன். 'விலைக் குறைப்பு' என்பதில் ஒரு 'க்' விட்டுப் போயிருந்தது. அதை மட்டும் போட்டுக் கொடுத்தேன்.